கிழட்டு நாயின் கறுத்த பல்: வயதா? வியாதியா?

பத்து, பன்னிரண்டு வயதான நாய் உள்ள வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு வாடை உண்டு. நாய் ஆசையாகப் பக்கத்தில் வந்து முகத்தை நீட்டும். வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "வயசாயிடுச்சு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார். நாயும் ஒன்றும் புரியாமல் காலடியிலேயே படுத்துக்கொள்ளும்.

கேட்பதற்குச் சாதாரணமான பேச்சுதான். ஆனால் இந்தப் பேச்சின் வயது கிட்டத்தட்ட 2300 வருடம்! அது தப்பு என்று அறிவியல் நிரூபித்ததோ 1975ல்தான். இடையில் என்ன நடந்தது? இதில் தத்துவ ஞானி ஒருவர் வருகிறார், இடிதாங்கி விற்கப் போனவர் ஒருவர் வருகிறார், இருபது பீகிள் நாய்களும் வருகின்றன. நாயின் பல்லுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறா என்று தோன்றலாம். படித்துப் பாருங்கள்.

அரிஸ்டாட்டில் பார்த்த பல்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், விலங்குகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில் நாயின் பற்களையும் விட்டுவைக்கவில்லை. இளம் நாய்க்குப் பல் வெள்ளையாகவும் கூராகவும் இருக்கும், வயதான நாய்க்குக் கறுத்து மழுங்கிப் போயிருக்கும், ஆகவே பல்லைப் பார்த்தே நாயின் வயதைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கருத்து.

அவர் கண்ணால் கண்டதில் தவறில்லை. இன்றைக்கும் தெருவில் போகும் கிழட்டு நாயின் வாயைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சிக்கல் அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதில்தான் இருக்கிறது. கறுத்த பல்லை அவர் வயதின் அடையாளமாக வைத்தார். வயது என்று சொல்லிவிட்டால் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையே! தலை நரைத்தால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை.

விலங்கின் பல்லை மனிதன் பார்த்ததே பெரும்பாலும் வயதைத் தெரிந்துகொள்ளத்தான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். குதிரைச் சந்தையிலும் அதே கதைதான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் ஊரில் பழமொழியே இருக்கிறது. அதாவது, பல் என்பது விலை பேசுவதற்கான அத்தாட்சி. அந்தப் பல் வலிக்குமா என்பது யாருக்கும் தோன்றாத கேள்வி.

குதிரைக்கு டாக்டர் வந்தார், நாய்க்கு வரவில்லை

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761ல் பிரான்சின் லியோன் நகரில் உருவானது. 1791ல் லண்டனில் ஒன்று வந்தது. இரண்டுமே குதிரையையும் கால்நடையையும் மனதில் வைத்துத் தொடங்கப்பட்டவை. காரணம் வெளிப்படையானது. ராணுவம் ஓடியது குதிரையால், வண்டி ஓடியது குதிரையால், உழவு நடந்தது மாட்டால். குதிரைக்குப் பல் வளர்ந்து கூர்ந்துபோனால் தீவனம் மெல்ல முடியாது, இளைத்துவிடும், வேலை நின்றுவிடும். ஆகவே குதிரையின் பல்லை அரத்தால் ராவிச் சமன்செய்யும் வேலை பழைய காலத்திலிருந்தே ஒரு தொழிலாக இருந்தது.

நாய்க்குப் பல் வலித்தால் யாருடைய தொழில் நிற்கும்? வணிகவியல் பாஷையில் சொன்னால், அந்த வலிக்குச் சந்தை மதிப்பு பூஜ்யம்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மெல்ல மாறியது. இங்கிலாந்தில் டெலாபேர் பிளெயின் என்ற கால்நடை மருத்துவர் 1817ல் நாய்களின் நோய்களுக்கென்றே ஒரு நூலை வெளியிட்டார். வில்லியம் யூவாட்டின் நாய் பற்றிய நூல் 1845ல் வந்தது. பணக்கார வீடுகளின் வேட்டை நாய்க்கும் மடி நாய்க்கும் மரியாதை கூடியது. ஆனாலும் பல் விஷயத்தில் நாயைக் கவனிக்க மருத்துவர்களுக்கு முன்பே வேறொருவர் வந்துவிட்டார். அவர் வியாபாரி!

பிஸ்கட்டின் பயணம்

ஜேம்ஸ் ஸ்ப்ராட் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர். இடிதாங்கி விற்பதற்காக இங்கிலாந்து போனார். அங்கே துறைமுகத்தில், மாலுமிகள் தூக்கிப் போட்ட கெட்டிப் பிஸ்கட்டை நாய்கள் போட்டி போட்டுத் தின்பதைப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்காகக் கப்பலுக்கென்று சுடப்படும் கல் மாதிரியான பிஸ்கட் அது. 1860 வாக்கில் கோதுமை மாவு, காய்கறி, பீட்ரூட், மாட்டிறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து ஸ்ப்ராட் தயாரித்த நாய் பிஸ்கட் லண்டனில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் வேட்டை நாய் வளர்த்த சீமான்கள். வரலாற்றில் பெரிய அளவில் விற்ற முதல் நாய்த் தீவனம் இதுதான். இந்தக் கம்பெனியில் விற்பனையாளராக இருந்த சார்லஸ் கிரஃப்ட் என்பவர்தான் பிறகு 1891ல் லண்டனில் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். அந்தக் 'கிரஃப்ட்ஸ்' கண்காட்சி இன்றும் உலகப் புகழ் பெற்றது. விற்பனைப் பிரதிநிதியின் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்!

அமெரிக்காவில் 1908ல் நியூயார்க்கின் எஃப்.எச். பென்னட் பிஸ்கட் கம்பெனி எலும்பு வடிவத்தில் ஒரு பிஸ்கட்டைக் கொண்டுவந்தது. பிறகு அதில் சேரும் பசும்பாலை வைத்து அதற்கு 'மில்க்-போன்' என்று பெயர் வந்தது. 1931ல் நபிஸ்கோ நிறுவனம் பென்னட் கம்பெனியை வாங்கியது. ஆரம்பத்தில் இது ஒரு உணவு. காலப்போக்கில் விளம்பரம் வேறு பக்கம் திரும்பியது: இதைக் கடித்தால் பல் சுத்தமாகும், வாய் நாற்றம் போகும்!

ஏன் இந்தத் திருப்பம்? இடையில் நாயின் சாப்பாடே மாறிவிட்டது. 1922ல் 'கென்-எல் ரேஷன்' என்ற பெயரில் டப்பாவில் அடைத்த குதிரை மாமிசம் வந்தது. வழவழப்பான உணவு, மெல்லவே வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் டப்பா உணவு குறைந்து உலர் தீவனம் தலைதூக்கியது. 1957ல் பியூரினா நிறுவனம், சூட்டிலும் அழுத்தத்திலும் மாவைப் பிதுக்கிப் பொரிக்கும் முறையில் செய்த உலர் தீவனத்தை இறக்கியது. இன்றைக்குக் கடையில் மூட்டையாகக் கிடைக்கும் சிறு உருண்டைத் தீவனத்தின் தாத்தா அதுதான். இவ்வளவு போட்டியில் முழு உணவாக நிற்க முடியாத பிஸ்கட், 'பல்லுக்கு நல்லது' என்ற புது வேடத்தைப் போட்டுக்கொண்டது.

இதன் பின்னால் ஒரு நம்பிக்கையும் இருந்தது. காட்டில் ஓநாய் எலும்பைக் கடிக்கிறது, அதனால் அதன் பல் சுத்தமாக இருக்கிறது, வீட்டு நாய் மெத்தென்று தின்பதால்தான் பல் கெடுகிறது என்பார்கள். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் காட்டு வாழ்க்கை பல்லுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை என்பதற்கும் சாட்சி இருந்தது. லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸின் பல் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த பல் மருத்துவர் ஃபிராங்க் கோலியர், விலங்குகளின் மண்டையோடுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1936ல் ஒரு தடித்த நூலை வெளியிட்டார். காட்டு விலங்குகளின் தாடைகளிலும் பல், ஈறு நோயின் தடயங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அருங்காட்சியக நூலை யார் படிக்கிறார்கள்? பிஸ்கட் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைத்தான் எல்லோரும் படிப்பார்கள்.

பன்னிரண்டு பேர் பல் தேய்க்கவில்லை

1965ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறுள்ள பன்னிரண்டு பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பவும் தேய்க்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லோருக்கும் சரியானது. பல்லின் மேல் படியும் கிருமிப் படலம்தான் ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்பது இப்படித்தான் தெளிவானது.

அடுத்த கேள்வி பெரியது. ஈறு வீக்கத்தை வருடக்கணக்கில் அப்படியே விட்டால், பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடுமா? 'பயோரியா' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதுவரைக்கும் போகுமா? மனிதர்களை வருடக்கணக்கில் பல் தேய்க்காமல் வைத்துச் சோதிக்க முடியாது. அதற்குப் பதிலாக ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த பீகிள் நாய்களைப் பயன்படுத்தினார்கள். சின்ன உருவம், சாதுவான குணம், மனிதனுக்கு வருவது போலவே ஈறு நோயும் வரும்.

ஸ்வீடனில் யான் லிண்டே, ஹம்ப், லோ ஆகிய மூவரும் சேர்ந்து செய்த நான்கு வருட ஆய்வின் முடிவுகள் 1975ல் வெளியாயின. இருபது பீகிள் நாய்கள், இரண்டு குழு. ஒரு குழுவுக்குத் தினமும் இரண்டு வேளை பல் தேய்த்துவிட்டார்கள். இன்னொரு குழுவை அப்படியே விட்டார்கள். நான்கு வருடம் கழித்து, தேய்த்துவிட்ட நாய்களின் ஈறு ஆரோக்கியமாகவே இருந்தது. தேய்க்காத பத்து நாய்களுக்கும் ஈறு வீங்கியது. அவற்றில் எட்டு நாய்களுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு வரை நோய் பரவியிருந்தது.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். இரண்டு குழுவுக்கும் வயது கூடியது ஒரே அளவு. இரண்டுக்கும் நான்கு பிறந்தநாள் வந்து போனது. ஆனால் ஒரு குழுவுக்கு மட்டும்தான் வாய் 'கிழடு' ஆனது! வயதுதான் காரணம் என்றால் இருபதுக்கும் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டாமா? அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது. கறுத்த பல்லும் வாய் நாற்றமும் வயது கொடுத்த பரிசு கிடையாது. அது நோய். தினமும் சேரும் அழுக்கை யாரும் எடுக்காததால் வந்த நோய். கிழட்டு நாயிடம் அது அதிகம் தெரிவதற்குக் காரணம், அதன் வாயில் அழுக்கு சேர அதிக வருடங்கள் கிடைத்தன என்பதுதான்.

அந்தப் பீகிள்கள் யாருடைய வீட்டு வாசலிலும் படுத்திருந்த நாய்கள் அல்ல. தாடைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்து அளப்பதும் அந்த ஆய்வின் ஒரு பகுதி. மனிதனின் ஈறைக் காப்பாற்றுவதற்காக நடந்த சோதனை அது. நாய்க்கு அதனால் கிடைத்த லாபம் வட்டி மாதிரி, பின்னால் வந்து சேர்ந்தது. இன்றைக்கு ஒரு வீட்டு நாய்க்குப் பல் தேய்த்துவிடுகிறவர் அந்தப் பீகிள்களுக்கும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறார்.

அப்படியானால் கெட்டிப் பிஸ்கட் கதை? அதையும் ஸ்வீடனில் 1965லேயே சோதித்துவிட்டார்கள். எகெல்பெர்க் என்ற ஆய்வாளர் நாய்களுக்குக் கெட்டி உணவும் மெத்தென்ற உணவும் கொடுத்து ஒப்பிட்டார். மெத்தென்ற உணவு தின்ற நாய்களுக்குத்தான் படலமும் ஈறு வீக்கமும் அதிகம். ஆகவே பிஸ்கட்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. ஆனால் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் உணவு செலுத்தப்பட்ட நாய்களின் பல்லிலும் படலம் படிந்தது! சாப்பாடே வாயைத் தொடாவிட்டாலும் கிருமி தன் வேலையைச் செய்யும். உணவை மாற்றினால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

வாய்க்குள் நடப்பது என்ன?

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், மேலே 20, கீழே 22. மனிதனைவிடப் பத்து அதிகம். நாயின் எச்சிலில் மனித எச்சிலைவிடக் காரத்தன்மை அதிகம். இதனால் ஒரு நன்மை, ஒரு தீமை. நம்மைப் போல அடிக்கடி சொத்தைப் பல் வருவதில்லை என்பது நன்மை. பல்லின் மேல் படியும் மெல்லிய படலம், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு சில நாட்களிலேயே காரையாகக் கெட்டிப்படத் தொடங்கிவிடுகிறது என்பது தீமை. படலத்தை பிரஷ் எடுக்கும். காரையை எடுக்காது.

காரை கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோரும் அதைத்தான் எதிரி என்று நினைக்கிறார்கள். உண்மையான சேதம் ஈறுக்கு அடியில் நடக்கிறது. கிருமிகள் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறங்குகின்றன. அங்கே ஒரு பை மாதிரி பள்ளம் உண்டாகிறது. அந்தப் பள்ளத்தில் மேலும் கிருமி சேர்கிறது, எலும்பு கரைகிறது, பல் ஆடுகிறது. ஈறு வீக்கம் என்ற கட்டம் வரை திரும்பி வரலாம். எலும்பு போனால் போனதுதான்.

மேல்தாடையில் பக்கவாட்டில் இருக்கும் பெரிய கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழே வீங்கும். கண்ணில் ஏதோ என்று நினைத்து வீட்டுக்காரர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்! பொமரேனியன் மாதிரி சின்ன ஜாதி நாய்களுக்குத் தாடை மெலிது, பற்கள் நெருக்கம். எனவே நோய் சீக்கிரம் வரும். கீழ்த்தாடை எலும்பு கரைந்து போய், லேசாக அடிபட்டாலும் தாடை முறிந்துவிடும் நிலையும் வயதான சின்ன நாய்களுக்கு உண்டு.

நோய் வாயோடு நிற்கிறதா? 1996ல் அமெரிக்காவில் 45 நாய்களின் உடல்களைப் பரிசோதித்து ஒரு ஆய்வு வெளியானது. ஈறு நோய் அதிகமாக இருந்த நாய்களின் சிறுநீரகம், இதயத் தசை, கல்லீரல் ஆகியவற்றிலும் மாற்றங்கள் அதிகம் காணப்பட்டன. இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்பதைத்தான் இது சொல்கிறது. ஒன்றுதான் மற்றொன்றைக் கொண்டுவந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. விளம்பரங்களில் இந்த வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் மறைத்துவிடுவார்கள். வாய்க்குள் இருக்கும் வலி ஒன்றே சிகிச்சைக்குப் போதுமான காரணம். இதயத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டியதில்லை.

நாய்க்கும் ஒரு பல் டாக்டர்

ஆய்வுக்கூடத்தில் தெரிந்துகொண்டது ஆஸ்பத்திரிக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. 1976ல் அமெரிக்காவில் கால்நடைப் பல் மருத்துவத்தில் ஆர்வமுள்ளவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1988ல் அது ஒரு தனிச் சிறப்புப் பிரிவாக, 'அமெரிக்கன் வெட்டர்னரி டென்டல் காலேஜ்' என்ற அமைப்பாக அங்கீகாரம் பெற்றது. அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு 2300 வருடம் காத்திருந்து நாய்க்கு ஒரு பல் டாக்டர் கிடைத்தார்!

அவர்கள் முதலில் சொன்ன விஷயங்களில் ஒன்று, பார்வையை நம்பாதே என்பது. பல்லின் பெரும்பகுதி ஈறுக்குள் மறைந்திருக்கிறது. 1998ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 226 நாய்களுக்கு வாய் முழுவதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியாத பற்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 27.8 சதவீத நாய்களில் சிகிச்சை விஷயத்தில் முக்கியமான குறை எக்ஸ்ரேயில் தெரிந்தது. நான்கில் ஒன்றுக்கும் மேல்!

எக்ஸ்ரே எடுக்கவும் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யவும் நாய் அசையாமல் இருக்க வேண்டும். 'ஆ' காட்டு என்றால் காட்டுமா? அதற்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். இங்கேதான் வயதான நாயின் வீட்டுக்காரர் தயங்குகிறார். "இந்த வயசுல மயக்க மருந்தா? வேண்டாம் சார், இருக்கிற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

பயம் நியாயமானது. மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் காலம் இங்கேயும் மாறியிருக்கிறது. ஐசோஃப்ளுரேன் போன்ற, உடலைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்துகள் வந்தன. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, நரம்பு வழியாகத் திரவம், இதயத் துடிப்பையும் ஆக்ஸிஜனையும் ரத்த அழுத்தத்தையும் கண்காணிக்கும் கருவிகள் எல்லாம் வழக்கத்துக்கு வந்தன. வயது ஒரு நோய் அல்ல என்பது இன்றைய கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் வாசகம். சிறுநீரகம், இதயம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பிறந்த தேதி மட்டும் முடிவு செய்வதில்லை.

தயக்கம் இருக்கும் இடத்தில் வியாபாரம் நுழையும் அல்லவா? மயக்கம் இல்லாமலே பல் சுத்தம் செய்து தருகிறோம் என்று கடைகள் வந்தன. நாயைப் பிடித்துக்கொண்டு மேலே தெரியும் காரையைச் சுரண்டிவிடுவார்கள். பல் பளிச்சென்று ஆகிவிடும். ஈறுக்கு அடியில் இருக்கும் நோய் அப்படியே இருக்கும். சுவரில் ஈரம் ஊறிக்கொண்டிருக்க, மேலே வெள்ளையடித்த கதைதான். இதனால்தான் பல் சிறப்பு மருத்துவர்களின் அமைப்பு இந்த முறையை எதிர்க்கிறது. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகளின் சங்கம் 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் முழு மயக்கம் அவசியம் என்று வலியுறுத்தியது.

திரும்பவும் பிஸ்கட் கடை

1990களில் அமெரிக்காவில் நாயின் பல்லுக்கென்று பொருள்கள் குவிந்தன. மெல்லும் குச்சி, பொடி, தண்ணீரில் கலக்கும் மருந்து, கோழி வாசனை பற்பசை... எல்லா டப்பாவிலும் ஒரே வாக்குறுதி. எது உண்மை என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? நம் ஊர் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி ஒன்று தேவைப்பட்டது. 1997ல் 'வெட்டர்னரி ஓரல் ஹெல்த் கவுன்சில்' என்ற அமைப்பு வந்தது. படலத்தையோ காரையையோ குறைப்பதாகச் சொல்லும் நிறுவனம், வகுத்த முறைப்படி நடத்திய சோதனைகளின் முடிவைக் காட்டினால் முத்திரை கிடைக்கும். ஸ்ப்ராட் பிஸ்கட் விற்கத் தொடங்கி சுமார் 140 வருடம் கழித்துத்தான், 'பல்லுக்கு நல்லது' என்ற வாசகத்தை நிரூபித்துக் காட்டும்படி கேட்க ஒரு ஏற்பாடு வந்தது!

முத்திரையோடு எச்சரிக்கையும் தேவை என்பதை 2006 காட்டியது. அமெரிக்காவில் அமோகமாக விற்ற 'கிரீனீஸ்' என்ற மெல்லும் குச்சி, சில நாய்களின் தொண்டையிலும் குடலிலும் அடைத்துக்கொண்டதாகச் செய்திகள் வெளியாயின. சொன்னபடி கொடுத்தால் பாதுகாப்பானது என்றது நிறுவனம். அதே வருடம் எளிதில் உடையும்படி அதன் சேர்க்கையை மாற்றியது. மென்று தின்னாமல் அப்படியே விழுங்கும் நாய்க்கு எந்தக் குச்சியும் ஆபத்துதான். இன்னொரு பக்கம், எலும்பும் மான்கொம்பும் நல்லது என்று கொடுத்து, பெரிய கடைவாய்ப் பல்லையே பிளந்துகொண்ட நாய்களும் உண்டு. நகத்தால் அழுத்தினால் துளியும் பதியாத பொருள் நாயின் பல்லுக்கு ஆகாது என்பது மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை.

ஆக, எது வேலை செய்யும்? விடை ரொம்பப் பழசு, ரொம்ப மலிவு. பிரஷ்! எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதையும் பீகிள்களை வைத்து 1986ல் ஒரு ஆய்வு பார்த்தது. ஆரோக்கியமான ஈறை அப்படியே காப்பாற்ற வாரம் மூன்று முறையாவது தேவை. ஏற்கெனவே வீங்கிய ஈறு சரியாக வேண்டுமானால் தினமும் தேவை. மனிதர்களின் பேஸ்ட் வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு, நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

வயதான நாய்க்கு ஒரு விஷயம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு, இன்று ராத்திரியே பிரஷ்ஷோடு பாயக் கூடாது. புண்ணான ஈறில் பிரஷ் பட்டால் வலிக்கும். ஒரு முறை வலித்துவிட்டால் அது வாயைத் தொடவே விடாது. முதலில் டாக்டர் பார்க்கட்டும். எடுக்க வேண்டிய பல்லை எடுத்து, சுத்தம் செய்து, புண் ஆறட்டும். அதற்குப் பிறகு விரலில் துணியைச் சுற்றி மெல்லத் தொடங்கலாம். உதட்டைத் தூக்கிப் பற்களின் வெளிப்பக்கம் தேய்த்தாலே பெரிய விஷயம்.

சத்தம் போடாத வலி

நாய் பல் வலிக்கு அழுவதில்லை. சாப்பிடுவதையும் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. ஒரு பக்கமாக மெல்லும். வாயிலிருந்து தீவனத்தைக் கீழே போடும். மெல்லாமல் விழுங்கும். முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கும். பந்தைக் கவ்விக்கொண்டு வருவதை நிறுத்திவிடும். வீட்டில் எல்லோரும் "பாவம், வயசாயிடுச்சு, விளையாட்டெல்லாம் போச்சு" என்பார்கள். ஆடிக்கொண்டிருந்த நாலைந்து பற்களை எடுத்த பிறகு அதே நாய் மறுபடி துள்ளி வருவதைப் பார்த்து அவர்களே ஆச்சரியப்படுவார்கள். போயிருந்தது இளமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்ததோ வலி!

அரிஸ்டாட்டில் கிழட்டு நாயின் வாயைத் திறந்து பார்த்தார், கறுப்பு தெரிந்தது, எழுதிவைத்தார். அந்த வகையில் அவரைப் பாராட்ட வேண்டும், அவர் திறந்தாவது பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பெரும்பாலோர் அதையும் செய்யவில்லை. இன்றைக்குக் காரணம் தெரியும், மருந்து தெரியும், பிரஷ்ஷின் விலையும் தெரியும். இனிமேலும் வயதின் மேல் பழியைப் போட முடியாது.

அடுத்த முறை அந்தக் கிழட்டு நாய் பக்கத்தில் வந்து முகத்தை நீட்டும்போது தள்ளி உட்காராமல், உதட்டை லேசாகத் தூக்கிப் பாருங்கள். இத்தனை வருடம் வாசலில் காவல் கிடந்த ஜீவன் அது. அதற்காக இரண்டு நிமிஷம் மூக்கைப் பொறுத்துக்கொள்ளலாம், இல்லையா?